சாலை விபத்து எண்கள்: கூடுதா, குறையுதா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க!

உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு அடுத்தடுத்து இரண்டு படங்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் படம் சொல்கிறது: "தமிழ்நாட்டில் சாலை விபத்து உயிரிழப்பு 2016-ல் 17,218. 2019-ல் 10,525. மூன்றே ஆண்டில் 39 சதவீதம் குறைந்தது!" இரண்டாவது படம் சொல்கிறது: "2019-ல் 10,525. 2022-ல் 17,884. மூன்றே ஆண்டில் 70 சதவீதம் கூடியது!"

நீங்கள் எதை நம்புவீர்கள்? முதல் படத்தைப் பார்த்தவர் "பரவாயில்லையே, ரோடு பாதுகாப்பாயிடுச்சு" என்பார். இரண்டாவதைப் பார்த்தவர் "என்னங்க இது, எல்லாம் கெட்டுப் போச்சு" என்பார். வேடிக்கை என்னவென்றால், இரண்டு படத்திலும் உள்ள எண்கள் எல்லாமே அரசு அறிக்கைகளில் அச்சானவைதான். யாரும் கற்பனையாக எழுதவில்லை. ஆனாலும் இரண்டு முடிவுமே தப்பு.

ஏன் தப்பு? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். கையில் போன் இருக்கிறது இல்லையா, அதில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

ஒரே ஆண்டுக்கு இரண்டு எண்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம் ஆண்டுதோறும் 'இந்தியாவில் சாலை விபத்துகள்' என்ற அறிக்கையை வெளியிடுகிறது. மாநிலக் காவல்துறைகள் அனுப்பும் தகவல்தான் அதற்கு அடிப்படை. 2019-ம் ஆண்டுக்கான அறிக்கையில் தமிழ்நாட்டு உயிரிழப்பு 10,525 என்று இருந்தது. ஆனால் 2022-ம் ஆண்டு அறிக்கையில் உள்ள ஐந்தாண்டுப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதே 2019-க்கு நேராக 18,129 என்று இருக்கும். 2018-க்கு முதலில் சொன்னது 12,216, திருத்தியது 18,394. 2020-க்கும் இதே கதைதான், திருத்திய எண் 14,527.

அதாவது மூன்று ஆண்டுகளின் எண்கள் பின்னால் திருத்தப்பட்டிருக்கின்றன. சின்னத் திருத்தமும் அல்ல. 2019-ல் மட்டும் 7,604 பேர் கூடுதலாகப் பட்டியலில் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு பெரிய ஊராட்சியின் மொத்த மக்கள்தொகை அது. வாட்ஸ்அப் படம் போட்டவர் திருத்தத்துக்கு முந்தைய 2019 எண்ணை எடுத்து, அதை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டுவிட்டார். அதனால்தான் ஒரு படத்தில் பெரிய சரிவும், இன்னொன்றில் பெரிய ஏற்றமும் தெரிகின்றன. இரண்டுமே நடக்கவில்லை.

ஆக முதல் பாடம்: ஆண்டுகளை ஒப்பிடும்போது, கடைசியாக வந்த அறிக்கையில் இருக்கும் பல ஆண்டுப் பட்டியலை எடுங்கள். பழைய அறிக்கையிலிருந்து ஒன்று, புதிய அறிக்கையிலிருந்து ஒன்று என்று எடுத்து ஒட்டாதீர்கள். பழைய பால் பாக்கெட்டையும் இன்றைய பாக்கெட்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றின மாதிரி ஆகிவிடும்.

திருத்திய எண்களோடு தமிழ்நாட்டுப் பட்டியல் இது. முதலில் விபத்துகள், அடுத்து உயிரிழந்தவர்கள்:

2016: 71,431 – 17,218
2017: 65,562 – 16,157
2018: 67,279 – 18,394
2019: 62,685 – 18,129
2020: 49,844 – 14,527
2021: 55,682 – 15,384
2022: 64,105 – 17,884
2023: 67,213 – 18,347

இப்போது 2018 வரிசையையும் 2023 வரிசையையும் மட்டும் பாருங்கள். விபத்துகளில் வித்தியாசம் 66. உயிரிழப்பில் வித்தியாசம் 47. நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, பிறகு வண்டி பழைய இடத்திலேயே வந்து நிற்கிறது. உண்மையான போக்கு இதுதான். பெரிதாகக் குறையவும் இல்லை, திடீரென்று எகிறவும் இல்லை.

அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். 2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. வண்டிகள் வீட்டு வாசலில் நின்றன. விபத்து 20 சதவீதம் குறைந்தது, உயிரிழப்பும் கிட்டத்தட்ட அதே 20 சதவீதம் குறைந்தது. எனவே "2020-ஐ விட இப்போது இவ்வளவு கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 2020-ஐ அளவுகோலாக வைத்தால் எந்த ஆண்டும் மோசமாகத்தான் தெரியும்.

வகுத்துப் பாருங்கள், வேறு ஒன்று தெரியும்

வெறும் மொத்த எண் பாதிக் கதைதான் சொல்லும். உயிரிழந்தவர்களை விபத்துகளின் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 100 விபத்து நடந்தால் எத்தனை பேர் உயிரிழக்கிறார்கள் என்று வரும். இதை விபத்தின் கடுமை என்பார்கள்.

2016-ல் 24. 2018-ல் 27. 2020-ல் 29. 2023-ல் மறுபடி 27. ஊரடங்கில் சாலை காலியாக இருந்தபோது விபத்துகள் குறைந்தன. ஆனால் நடந்த விபத்துகளின் கடுமை குறையவில்லை. காலி ரோட்டில் வேகமாகப் போகலாம் அல்லவா?

இதே கணக்கை நாடு முழுவதற்கும் போடுங்கள். 2023-ல் இந்தியாவில் 4,80,583 விபத்துகள், 1,72,890 உயிரிழப்புகள். 100-க்கு 36. தமிழ்நாட்டில் 27 என்றால் நாம் பரவாயில்லையே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டில் சின்ன விபத்துக்கும் 108 வருகிறது, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். பதிவு போடுகிறார்கள், போலீசுக்குத் தகவல் போகிறது, வழக்குப் பதிவாகிறது. சின்ன விபத்துகள் நிறையப் பதிவானால் கீழே வகுக்கும் எண் பெரிதாகும், கடுமை தானாகவே குறைவாகத் தெரியும். நம் மருத்துவ வசதி நன்றாக இருப்பதால் பலர் பிழைப்பதும் காரணமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் 36-ஐயும் 27-ஐயும் பக்கத்தில் வைத்து நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது சரியல்ல.

ஏன் என்று கேட்டால், இன்னொரு வகுத்தல் இருக்கிறது. உயிரிழப்பை மக்கள்தொகையால் வகுங்கள். தமிழ்நாட்டில் சுமார் 7 கோடியே 70 லட்சம் பேர். 2022 கணக்கில் ஒரு லட்சம் பேருக்கு 23 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். நாடு முழுவதும் பார்த்தால் ஒரு லட்சத்துக்கு 12 பேர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! நம் மாநிலத்தில் வண்டிகள் அதிகம், பதிவான வாகனங்கள் 3 கோடிக்கும் மேல், அதில் பெரும்பகுதி இருசக்கர வாகனம், ரோடும் நிறைய. காரணம் சொல்லலாம்தான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அவனுக்கு இருக்கும் ஆபத்தை இந்த எண்தான் நெருக்கமாகச் சொல்கிறது.

கடைசியாக ஒரு வகுத்தல். 2023-ன் 18,347-ஐ 365-ஆல் வகுங்கள். ஒரு நாளைக்கு 50 பேர். ஒரு டவுன் பஸ்ஸில் சீட் எல்லாம் நிறைந்தால் எத்தனை பேர் இருப்பார்களோ, ஏறக்குறைய அத்தனை பேர். தினமும்.

காயம் என்ற எண்ணை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்

நாடு முழுவதும் காயமடைந்தவர்கள் 2022-ல் 4,43,366 பேர்; 2023-ல் 4,62,825 பேர். தமிழ்நாட்டில் 2016-ல் 82,163 பேர் காயமடைந்ததாகப் பதிவு. உயிரிழப்பு எண்ணை மறைப்பது கடினம். காயம் அப்படியல்ல. முட்டி தேய்ந்தவர், விரல் உடைந்தவர் பலர் "விடுங்க, சமாதானமாப் போயிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. எனவே காயமடைந்தோர் எண்ணிக்கை கூடினால் விபத்து கூடியது என்று அர்த்தமாகலாம், ஒழுங்காகப் பதிவு செய்கிறார்கள் என்றும் அர்த்தமாகலாம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பழைய சட்டத்தில் 20 நாள் கடும் வலியோ, அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ இருந்தால் அது கொடுங்காயம். புதிய சட்டத்தில் 15 நாள் போதும். ஆக, வழக்குப் பிரிவை வைத்து கொடுங்காயத்தை எண்ணும் பட்டியலில் 2023-ஐயும் 2025-ஐயும் ஒப்பிடுகிறவர் இந்த மாற்றத்தை மனதில் வைக்க வேண்டும்.

காயம் எப்போது மரணமாகிறது?

இதுதான் இந்தக் கட்டுரையில் உங்களுக்கு நேரடியாக உதவக்கூடிய பகுதி. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

விபத்து நடந்த 30 நாளுக்குள் அதனால் ஒருவர் இறந்தால், அமைச்சகத்தின் புள்ளிவிவரத்தில் அவர் 'உயிரிழந்தவர்' என்று சேர வேண்டும். இப்போது ஓர் உதாரணம். திண்டிவனம் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு பெரியவர் மொபட்டில் சாலையைக் கடக்கிறார். அடையாளம் தெரியாத ஒரு வாகனம் மோதிவிட்டுப் போய்விடுகிறது. தலையில் அடி. அன்றைக்கு ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள். அதில் அவர் காயமடைந்தவர். பத்து நாள் சிகிச்சை. "இனிமே வீட்டில வச்சுப் பாத்துக்கறோம்" என்று குடும்பத்தார் அழைத்துப் போகிறார்கள். 14-ம் நாள் வீட்டிலேயே இறந்துபோகிறார். சொந்தபந்தம் கூடி, அன்று மாலையே அடக்கம் செய்துவிடுகிறார்கள்.

ஸ்டேஷனுக்கு யாரும் சொல்லவில்லை. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. வழக்கில் அவர் இன்னமும் காயமடைந்தவர்தான். புள்ளிவிவரத்திலும் அப்படியே. சரி, புள்ளிவிவரத்தை விடுங்கள். குடும்பத்துக்கு என்ன ஆகிறது தெரியுமா?

மோதிவிட்டு நிற்காமல் போன, அடையாளம் தெரியாத வாகனம் என்றால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 161-ன்படி இழப்பீடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இறப்புக்கும் விபத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்ட ஆவணம் இல்லாவிட்டால், அந்தக் குடும்பம் 2 லட்சத்தைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. ஒரே ஒரு போன் கால் செய்யாததால் ஒன்றரை லட்சம் போகிறது. மோதிய வாகனம் தெரிந்து, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகிற வழக்கு என்றால் இழப்பு இன்னும் பெரியது.

அதனால், விபத்தில் அடிபட்டு சிகிச்சையில் இருந்தவர் இறந்தால், ஆஸ்பத்திரியில் இறந்தாலும் சரி, வீட்டில் இறந்தாலும் சரி, வழக்குப் பதிவான காவல் நிலையத்துக்கு உடனே தெரிவியுங்கள். பிரேதப் பரிசோதனைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மனசு கேட்காதுதான், "அறுத்துப் பாக்கணுமா" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். வீட்டில் யாராவது ஒருவர் அழுகைக்கு நடுவிலும் நிதானமாக இருந்து இதைச் செய்ய வேண்டியிருக்கிறது. காவல்துறை வழக்கின் பிரிவை மாற்றும். முன்பு 304(ஏ), இப்போது நியாய சன்ஹிதாவின் 106. பிரிவு மாற்றிய அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கவும், சாலை விபத்து வழக்கு ஆவணங்களைப் பெறவும் வசதி இருக்கிறது. மாவட்டம், காவல் நிலையம், வழக்கு எண், ஆண்டு இவை தெரிந்தால் போனிலேயே பார்க்கலாம். எனவே முதல் நாளே வழக்கு எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரிவு 161 இழப்பீட்டுக்கான விண்ணப்பத்தை, விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். உங்கள் சொந்த ஊர் அலுவலகம் அல்ல, விபத்து நடந்த ஊர். இதில்தான் பலர் அலைகிறார்கள். தீர்ப்பாயத்தில் மனு போடுவதற்குச் சட்டத்தில் 6 மாதக் காலவரம்பு சேர்க்கப்பட்டிருக்கிறது, தள்ளிப் போடாதீர்கள்.

யார், எப்போது, எங்கே?

2022-ல் நாடு முழுவதும் உயிரிழந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். நடந்து போனவர்கள் 19.5 சதவீதம், அதாவது 32,825 பேர். இரண்டையும் சேர்த்தால் 64 சதவீதம். நம் பேச்செல்லாம் கார், பஸ் விபத்தைப் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் அதுதான் செய்தியில் வருகிறது. நேரத்தைப் பார்த்தால் மாலை 6 மணி முதல் 9 மணி வரைதான் அதிக விபத்து. வேலை முடிந்து திரும்பும் நேரம், இருட்டும் நேரம், பசி நேரம்.

இடத்தைப் பார்த்தால், நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் 2022-ல் அதில் உயிரிழந்தவர்கள் 61,038 பேர், 36 சதவீதம். நெடுஞ்சாலையை ஒட்டி ஊர் இருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ரேஷன் கடை இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நடுவில் மணிக்கு 100 கிலோமீட்டரில் வண்டி.

அதே 2022-ல் ஹெல்மெட் அணியாத நிலையில் இறந்தவர்கள் 50,029 பேர். இதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். இந்த எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். ஹெல்மெட் போட்டிருந்தால் 50,029 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இறந்தபோது தலையில் ஹெல்மெட் இல்லை என்பதுதான் பதிவு. ஆனால் பின்னால் உட்காருகிறவரின் எண்ணைக் கவனித்தீர்களா? ஓட்டுபவர் போலீசுக்குப் பயந்தாவது போட்டுக்கொள்கிறார். பின்னால் அம்மாவோ, மனைவியோ, தங்கையோ வெறும் தலையோடு வருகிறார்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றுதான் சட்டம் சொல்கிறது.

காரணம் என்ற கட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-ன் உயிரிழப்புகளில் 71.2 சதவீதத்துக்கு அதிவேகம் காரணம் என்று அறிக்கை சொல்கிறது. வேகம் கொல்கிறது, சந்தேகமில்லை. ஆனால் விபத்து நடந்த பிறகு அந்த இடத்துக்கு வந்து எழுதுகிறவர் ஒரு கட்டத்தை டிக் செய்கிறார். வளைவில் எச்சரிக்கைப் பலகை இல்லை, தெருவிளக்கு எரியவில்லை, நடைபாதையில் கடை இருந்ததால் நடந்து போனவர் ரோட்டில் இறங்கினார் என்பதெல்லாம் அந்த ஒரு டிக்குக்குள் அடங்காது. என்னைக் கேட்டால், இந்தச் சதவீதத்தைப் படிக்கும்போது "ஏன் அங்கே அவ்வளவு வேகமாகப் போக முடிந்தது?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இதற்குத்தான் இப்போது கொஞ்சம் நல்ல வழி வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளத்தில், காவலர் விபத்து நடந்த இடத்திலிருந்தே மொபைல் செயலியில் இருப்பிடத்தோடு பதிவு செய்கிறார். முதலில் சோதனை நடந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள், அல்லது 10 உயிரிழப்புகள் இருந்தால் அது 'கரும்புள்ளி' என்று கணக்காகும். அப்புறம்தான் அங்கே தடுப்பு, விளக்கு, மேம்பாலம் என்று வேலை வரும். உங்கள் ஊர் முனையில் நடந்த ஐந்து விபத்தில் இரண்டு சமாதானமாகப் போய்விட்டால், கணக்கில் மூன்றுதான். அந்த இடம் பட்டியலுக்கு வராது.

நீங்கள் அங்கே நின்றுகொண்டிருந்தால்

விபத்தைப் பார்த்தால் 108-ஐ அழையுங்கள். கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் பார்த்து, அல்லது பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், ஆம்புலன்ஸ் தேடி அலையாது. காவல்துறையின் 'காவல் உதவி' செயலியில் உள்ள அவசர பட்டனும் உதவும்.

"நமக்கெதுக்கு வம்பு, சாட்சின்னு இழுப்பாங்க" என்ற பயம் பலருக்கு இன்னும் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சிலேயே இதற்கான வழிகாட்டுதல்களை உறுதி செய்துவிட்டது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு கிடையாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொல்லக் கூடாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பொன்னான முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மத்திய அரசு தரும் வெகுமதி 5,000 ரூபாயிலிருந்து 2025-ல் 25,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

சிகிச்சைச் செலவைப் பற்றி: தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தொடக்கத்தில் 1 லட்சம் ரூபாய் வரை என்று இருந்த உச்சவரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. மருத்துவமனை வாசலில் "முன்பணம் கட்டுங்க" என்று கேட்டால், திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மத்திய அரசும் 2025 மே மாதம் நாடு முழுவதற்கும் ஒரு திட்டத்தை அறிவித்திருக்கிறது. அதில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை. வெளிமாநிலத்துக்கு லாரி ஓட்டிப் போகிற அண்ணன் தம்பி உங்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் முன் ஏ.ஆர். பதிவின் நகலைக் கேட்டு, அதில் 'சாலை விபத்து' என்று எழுதியிருக்கிறதா, இடமும் நேரமும் சரியா என்று பாருங்கள். "வண்டியிலிருந்து தானாக விழுந்தார்" என்று யாரோ அவசரத்தில் சொல்லி, அது அப்படியே பதிவாகியிருந்தால், அன்றைக்கே மருத்துவரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்து மூலம் சொல்லித் திருத்தக் கேளுங்கள்.